உபயம் போட்ட சட்டை

பைக் சத்தம் முதல் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்ததும் சுயம்புக்கனி பிளேடின் முனையை சட்டையில் தைத்த இட்லிக் கடையின் 'ட்' மேல் வைத்தாள், வைத்தவள் உடனே அறுக்காமல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள், இன்னும் மெல்லிசாக ஓர் உறுமல் இருக்கிறதா, இல்லை அது பக்கத்தில் பழைய சேலை விரிப்பில் தூங்குகிற ஆதிரையின் மூச்சா, பிள்ளைக்குச் சளி, நேற்றிலிருந்து மூக்குக்குள் ஒரு வண்டி ஓடுகிறது, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. பொன்லிங்கம் கடைசிச் சுற்றுக்குப் போயிருக்கிறான். கொல்லாந்தோப்பின் முந்திரி மரங்கள் முடிகிற இந்த இடத்தில் புறப்பட்டு, தேரிக்காட்டின் சிவப்பு மணலில் மேடு மேடாக ஏறி இறங்கி, முள்ளாக நிற்கிற உடைமரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, மறுபடி இதே கொல்லாமரத்தடிக்கு வந்து நிற்பான். வந்ததும் அந்த ஓட்டைப் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் மடியில் கிடக்கிற நீலச் சட்டையைப் போட்டுக்கொள்வான். "சட்டையில வேர்வ பட்டுராம வைட்டி, அது மாப்பிள்ளச் சட்ட," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மாப்பிள்ளைச் சட்டைதான். பெண் பார்க்கிற மாதிரி இன்றைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள், கோயம்புத்தூரிலிருந்து, ஜலதாரை என்கிற பம்ப்செட் கம்பெனி முதலாளி, மதியத்துக்குள் வந்துவிடுவார். அவருக்கு மனசுக்குப் பிடித்துவிட்டால் மொராக்கோ பாலைவனத்தில் நடக்கிற பைக் ரேசுக்கு இன்னும் குறைகிறதை எல்லாம் அவர் ஒருத்தரே கொடுத்துவிடுவார், பிடிக்காவிட்டால் இந்த வருஷமும் இல்லை. ஒரே ஒரு காரியம்தான் பாக்கி என்று நேற்றுச் சாயங்காலம் அவருடைய மேனேஜர் போனில் சொன்னார், அத்தான் அப்போது குளித்துக்கொண்டிருந்தான், போனை எடுத்தது அவள். "சட்டையில வேற யார் பேரும் இருக்கக் கூடாதும்மா, எங்க பேர் மட்டும்தான். முதலாளி அதுல கொஞ்சம் கண்டிப்பு." சரிங்க சார் என்றாள். சரிங்க சார் என்று சொல்லத் தண்ணீர் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை, பிரிக்கத்தான் இத்தனை நேரம் ஆகிறது. அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான், அவன் வேண்டாம் என்றால் அதற்குமேல் பேச்சு இல்லை, அதனால் அவன் போன பிறகு அறுப்பது, அறுத்த பிறகு சொல்வது, அறுத்ததை ஒட்டவா முடியும்.

'ட்' வந்துவிட்டது. மஞ்சள் நூல் புழுவாகச் சுருண்டு மணலில் விழுந்தது. நன்றாக அழுத்தித் தைத்திருக்கிறாள், அவள் தையல் அவளுக்கே எதிரியாக நிற்கிறது, எந்தப் படுபாவி இப்படி நெருக்கித் தைத்தது என்று தன்னையே ஏசிக்கொண்டு சிரித்தாள். பாலைவனத்தில் புரண்டு விழுந்தாலும் ஒரு எழுத்து பிரியக் கூடாது என்று எம்பிராய்டரி மெஷினில் ஓட்டி, பின்பக்கம் கேன்வாஸ் வைத்து, அதற்கு மேலும் கையால் ஒரு சுற்று. தோளில் பெரிதாக 'உபயம்' என்று போட்டுவிட்டு, அதற்குக் கீழே பேர்கள். பொன்லிங்கம் அன்றைக்குப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஏட்டி, மொராக்கோக்காரனுக்கு உபயம்னா தெரியுமா?" "தெரியாட்டா ஒங்களக் கேக்கட்டும், வாயில்லையா, நீங்க சொல்லுங்க." அவளுக்கு வேறு எப்படிப் போட வரும், கொடுத்தவர்கள் பேர் போடுவதென்றால் உபயம்தான், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் உபயம், தண்ணீர்ப் பானை மூடியில் உபயம், பரீட்சை எழுதும்போது பதில் வராமல் அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிற ஃபேனில் உபயம், ஃபேன் சுற்றும்போது யார் பேர் என்று தெரியாது, கரண்டு போனால்தான் தெரியும், வியர்த்துக்கொண்டே கொடுத்த மகராசனைப் படிக்கலாம். அம்மன் கோயில் டியூப்லைட்டில் இன்னும் மோசம். ஒரு புண்ணியவான் தன் பேர், அப்பா பேர், கடை பேர், ஊர் பேர் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்துவிட்டான், லைட் எரியும், வெளிச்சம் வராது, அம்மன் மூஞ்சி பாதி இருட்டில் கிடக்கும், பூசாரி செல்போன் லைட்டை அடித்துத் தீபாராதனை காட்டுவார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு முள். இந்தச் சட்டையையும் அப்படித்தான் பண்ணிவிட்டோமோ. இல்லை, இல்லை, நான் சின்னதாகத்தான் போட்டேன், முதுகில் சைமன், இடது கையில் மந்திரம் பந்தல் கடை, வலது கையில் தவசிக்கண் கருப்பட்டி, தோளுக்குக் கீழே முத்துப்பேச்சி இட்லிக் கடை. நெஞ்சை மட்டும் காலியாக விட்டிருந்தாள், என்றைக்காவது பெரிய ஆள் ஒருத்தர் வருவார் என்று. வந்துவிட்டார். வந்தவர் உட்காரும்போது மற்றவர்களை எழுந்திருக்கச் சொல்கிறார்.

சைமனைத்தான் முதலில் பிரித்தாள், அத்தான் முந்தின சுற்றில் இருக்கும்போதே. முதுகுப் பக்கம் என்பதால் நெஞ்சில் ஈரம் இல்லாமல் பிரித்துவிடலாம் என்று ஒரு தைரியம். பிரித்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தால், நூல் போன இடத்தில் ஊசித்துளை ஊசித்துளையாக, சை, ம, ன், அப்படியே நிற்கிறது, எறும்பு வரிசை மாதிரி. கட்டை விரல் நகத்தால் தேய்த்தாள். துணியில் ஊசி தப்பாகப் போனால் நகத்தால் தேய்த்தால் இழை கூடிக்கொள்ளும், எத்தனையோ ஜாக்கெட்டில் செய்திருக்கிறாள். இது கூடவில்லை. அவ்வளவு நெருக்கமாகக் குத்தியிருக்கிறாள். அப்புறம் இரண்டு கையிலும் இருந்ததைப் பிரித்தபோதும் இதே கதைதான். சைமன் அந்த வெல்டிங் வேலைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க ஒரு தகடு வேண்டும், வெளிநாட்டுத் தகடு வாங்க வழி இல்லை என்று பொன்லிங்கம் போய் நின்றபோது, பழைய லாரியின் தொட்டியை வெட்டி, வளைத்து, அடித்து, வண்டிக்கு ஜட்டி போட்டாச்சு என்று கொண்டு வந்து மாட்டினான். அன்றைக்குச் சைமனுக்குக் கண்ணில் தீப்பொறி பட்டு மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்தக் கண்ணை எந்த நூலால் தைக்க, எந்தப் பிளேடால் பிரிக்க. கணக்குப் போட்டால் தலை சுற்றும், அதனால் கணக்குப் போடக் கூடாது, நல்லதை வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொண்டோம் என்று இருக்கத் தெரிய வேண்டும், அவளுக்கு அது தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும், யார் மாம்பழம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

எத்தனை கம்பெனிக்கு மெயில் போட்டார்கள். பொன்லிங்கம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு சொல்லச் சொல்ல அவள்தான் செல்போனில் அடிப்பாள், ஐயா வணக்கம், நான் கிராமத்து மெக்கானிக், ராஜஸ்தான் மணல் ரேசில் முடித்தவன், வெளிநாட்டு ரேசுக்குத் தகுதி வந்திருக்கிறது. டயர் கம்பெனி, ஆயில் கம்பெனி, ஹெல்மெட் கம்பெனி. பதில் வந்தவர்கள்கூட உங்கள் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் கேட்டார்கள். யார் பார்ப்பது, தேரிக்காட்டில் ஓட்டுகிறவனை ஆடும் மயிலும்தான் பார்க்கும். நுழைவுக் கட்டணம், அங்கே போய் எடுக்க வேண்டிய வாடகை வண்டி, விமானம், விழுந்தால் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு இன்சூரன்ஸ், அந்த வார்த்தையைப் படிக்கும்போது மட்டும் அவள் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள். அப்புறம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பந்தலும் மைக் செட்டும் மந்திரம் அண்ணாச்சியுடையவை, வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில் சும்மா இருந்த மைக்கில், "நம்மூர்ப் பிள்ள பொன்லிங்கம் பாலைவனத்துக்குப் போறான், ஒட்டகம் ஓடுத எடத்துல மோட்டார் சைக்கிள் ஓட்டப் போறான், ஆனமட்டும் செய்யுங்க," என்று சொல்லிவிட்டார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மறுநாள் விடிந்தால் வாசலில் ஆள். கருப்பட்டிக் கடைத் தவசிக்கண் அண்ணாச்சி காசோடு ஒரு பெட்டி சில்லுக்கருப்பட்டியும் கொண்டு வந்து வைத்தார், "வெள்ளக்காரன் ஏதோ பசைய உறிஞ்சிக்கிட்டே ஓட்டுதானாம்லா, இத வாயில ஒதுக்கிக்கிட்டு ஓட்டச் சொல்லு, சுக்கு கூடப் போட்டுருக்கேன், வயிறு கொளறாது." அவர் கடை பில் மெஷினில் போடுகிற காகித உருளைகூட அவர் கொடுத்ததுதான். அதில்தான் அவளும் அத்தானும் வழிப்படம் வரைந்து பழகினார்கள். அந்த ரேசில் பலகை கிடையாது, செல்போனில் வழி பார்க்கக் கூடாது, கைப்பிடிக்கு நடுவே ஒரு பெட்டியில் சுருட்டி வைத்த காகிதம், விரலால் உருட்ட உருட்ட, இத்தனை தூரத்தில் காய்ந்த ஆறு, அங்கே இடது, அப்புறம் மூன்று பாறை, அப்புறம் கிழக்கே பார்த்து ஒரே ஓட்டம். ஆபத்து என்றால் ஆச்சரியக்குறி. ஒன்று போட்டிருந்தால் பார்த்துப் போ. மூன்று போட்டிருந்தால் நின்று போ. பள்ளிக்கூடத்தில் ஆகா என்று எழுதிப் பக்கத்தில் போடச் சொன்ன குறி அங்கே போய் இப்படி ஆகிவிட்டது. அவள்தான் அதற்கெல்லாம் சிவப்பு பூசுவாள், இடதுக்குப் பச்சை, வலதுக்கு நீலம், ஆதிரை நடுவில் புகுந்து எல்லாவற்றுக்கும் ரோஸ்.

சத்தம் இல்லை. இந்நேரம் இரண்டாவது மேட்டில் ஏறியிருக்க வேண்டும், அங்கே ஏறும்போது இன்ஜின் ஒரு தடவை அழும், அந்த அழுகை இங்கே கேட்கும், கேட்கவில்லை. காற்று மாறியிருக்கும். மேல்காற்று அடித்தால் சத்தம் கடல் பக்கம் போய்விடும். அவள் 'லி'யில் பிளேடை நுழைத்தாள். போன வருஷமும் இப்படித்தான், ராஜஸ்தானில் அவன், இங்கே அவள், மத்தியானத்துக்குப் போன் வரும் என்றவன் போன் வரவில்லை, அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள், வலது கையை இடது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள், மறுபடி அதே தப்பு. விளக்கு வைக்கிற நேரத்தில் யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் போன் பண்ணி இந்தியில் பேசினார், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அந்தக் குரல் சிரித்துக்கொண்டே பேசியது, சிரிக்கிறாரே, அப்படியானால் அத்தான் உயிரோடு இருக்கிறான் என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் எலும்பு முறிந்திருந்தது. முறிந்த தோளோடு அன்றைய தூரத்தை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனானாம். வண்டியை மணலிலிருந்து தூக்கிக் கொடுத்தவர் அந்தப் பஞ்சாபிக்காரர்தான், அவரும் போட்டிக்காரர்தான், தன் நேரம் போனாலும் பரவாயில்லை என்று நின்று தூக்கிக் கொடுத்தார். அவர் பேர் என்ன. கேட்டிருக்கிறாள், மறந்துவிட்டது. அவர் பேரை எந்தச் சட்டையில் போட. பேர் போடாதவர்கள் கூட்டம்தான் பெரிசு, நினைக்க நினைக்க வருகிறார்கள், விமானத்தில் தலை சுற்றாமல் இருக்க மாத்திரை கொடுத்த நர்ஸ், பாஸ்போர்ட்டுக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், டீகூட வேண்டாம் என்றவர், ரேசு எப்போ டிவியில வரும் என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் சரி, சத்தம் எங்கே. பிள்ளையின் மூக்குக்குள் இருக்கிற வண்டி மட்டும் ஓடுகிறது. அவன் கெட்டிக்காரன். ஆதிரையை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கி முட்டியைப் பழக்கியவன், உச்சி வெயிலில் உப்பளத்தில் போய் நின்று உடம்பைக் காயப்போட்டவன், அவள் முந்தானையைக் கண்ணில் கட்டச் சொல்லி டயர் மாற்றிப் பழகியவன். அங்கே கூட யாரும் இருக்க முடியாது, கெட்டால் தானே சரி பண்ண வேண்டும், தொலைந்தால் தானே வழி கண்டுபிடிக்க வேண்டும், பாலைவனத்தில் யாரைக் கூப்பிட. இங்கே என்றால் அவள் இருக்கிறாள். அவள் கட்டிய துணி இருக்கிறது. கடைசிச் சுற்று புதுப்பாதை, கிழக்கே, அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் அறுத்த ஓடை ஒன்று ஆளைவிட ஆழமாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது, விளிம்புக்கு வந்தால்தான் தெரியும். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை அவளே போய் ஓடைக்கு ரொம்ப முன்னாலேயே உடைமரத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தாள், அவள் தையல் கடையில் கிடந்த லைனிங் துண்டு, காகிதத்திலும் எழுதியிருக்கிறாள், மஞ்சள் துணி, இடது. பச்சை பூசியிருக்கிறாள். தப்ப முடியாது. சின்னப் பிள்ளைகூடத் தப்பாது. தப்பாது என்று நினைக்க நினைக்க அந்த ஓடை வாயை இன்னும் கொஞ்சம் திறந்தது, அவள் 'லி'யின் கொம்பை இழுத்தாள், நூலோடு துணியும் கொஞ்சம் வந்துவிட்டது, ஐயோ, கிழித்துவிடாதே, முதலாளி பார்க்கிற சட்டை.

"ஏட்டி கனி, எலிய மாதிரி என்னத்தக் கொறிச்சுட்டு இருக்க?"

டிவிஎஸ் வந்து நின்றதே காதில் விழவில்லை, தூரத்துச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தவளுக்குப் பக்கத்துச் சத்தம் கேட்காது. முத்துப்பேச்சி அக்காதான், பின்னால் தூக்குச்சட்டி கட்டியிருக்கிறாள், வருகிற பெரிய மனிதருக்கு இட்லியும் பூண்டுச் சட்னியும் அவள்தான் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். சுயம்புக்கனி சட்டையைச் சுருட்டிப் பிள்ளையின் தலைக்கு அடியில் தள்ளினாள். "ஒண்ணுமில்லக்கா." "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குட்டி தூங்குத பிள்ளைக்குத் தலகாணி?" ஒரே இழுவையில் எடுத்துவிட்டாள். எடுத்து விரித்து, தோளுக்குக் கீழே பார்த்து, அங்கே 'முத்துப்பேச்சி இ' என்று நின்று, இடம் விட்டு 'க் கடை' என்று நிற்பதைப் பார்த்து, "இதென்னட்டி, இட்லியப் பாதி தின்னுட்டு மீதிய வச்சிருக்க," என்றாள். சிரித்துவிடலாம் என்றுதான் சுயம்புக்கனி வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. மேனேஜர் சொன்னது, சரிங்க சார் என்றது, அத்தானுக்குத் தெரியாது என்பது, சைமன் கண், ஊசித்துளை, எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி முடித்தாள். முத்துப்பேச்சி சேலையை ஒதுக்கி மணலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "பிளேடக் குடு. நீ வெட்டுத வெட்டுல சட்ட கந்தலாயிரும்." "அக்கா, ஒங்களுக்குக் கோவம் இல்லையாக்கா?" "கோவமா? நீ பேரப் போட்ட அன்னைக்குத்தாம்ட்டி எனக்குக் கோவம். ஒரு நாள் யாவாரத்த உங்கிட்டக் குடுத்தது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு மஞ்ச நூல்ல தச்சு ஊருக்கே காட்டிட்ட. ஒரு வாரம் என்ன ஏச்சு ஏசுனாரு தெரியுமா? மொதல்ல இதப் பிரி." அவளுடைய கை இட்லி எடுக்கிற கை, சூட்டுக்குப் பயப்படாத கை, ஒவ்வோர் எழுத்தாக அலுங்காமல் பிரித்துக்கொண்டே வந்தது. "அதுவுமில்லாம, மொராக்கோக்காரன் பேரப் படிச்சுட்டு எனக்கு நாலு இட்லின்னு இங்க வந்து நின்னா யாரு ஆட்டுதது? எனக்கு இருக்கது ஒரே கிரைண்டரு." சுயம்புக்கனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே மூக்கு வழியாக வந்தன. இந்த மனுஷிக்கு நான் என்ன செய்வேன், எந்த ஜென்மத்தில் எதைக் கொடுத்து வைத்தேன். முத்துப்பேச்சி உதிர்ந்து கிடந்த நூலை எல்லாம் மணலைத் தட்டித் தட்டிப் பொறுக்கினாள், ஒரே கொத்தாக முறுக்கினாள், எழுந்து போய்க் கொல்லாமரத்தின் தாழ்ந்த கிளையில் முடி போட்டாள். "இங்கயும் ஒண்ணு கெடக்கட்டும். சாமிக்கு எழுத்து வேணுமாட்டி? அங்க கட்டுனதுல எவளாவது பேர எழுதுனாளா?"

எங்கே கட்டினது என்று கேட்டது சுயம்புக்கனியின் வாய்தான், அவள் இன்னும் கேட்கவில்லை, அவள் இன்னும் நூல் கொத்து காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன் சாமி மரத்துலதான். வெள்ளிக்கெழம, தலைக்குக் குளிச்சு, ஈரத்தலையோட மஞ்சத்துணியக் கொண்டு போயிக் கட்டிட்டு வந்தியே. வெறகுக்குப் போனவ எல்லாரும் பாத்தாவ. புருசனுக்காவ நேந்துருக்கான்னு பாத்த ஒடனே தெரியாதா? எங்கிட்டச் சொல்லலியேன்னு ஒரு கொறதான். ஆனாலும் நானும் ஒண்ணு கட்டுனேன். சைமன் பொண்டாட்டி வேதக்காரி, அவளும் வந்து கட்டுனா, எங்க மாதா கோவிச்சுக்கிட மாட்டான்னுட்டு. தவசிக்கண் அண்ணாச்சி வீட்டுல ஆளுக்கு ஒண்ணு." "எந்த மரத்துலக்கா?" "ஒத்த மரத்துல எடம் இருக்கா? பக்கத்து மரம், அதுக்குப் பக்கத்து மரம், அந்தா ஓடை வரைக்கும் மஞ்சளும் மங்களமுமாக் கெடக்கு. போயிப் பாரு, கண் கொள்ளாது."

ஓடை வரைக்கும். மஞ்சள் துணி, இடது. மஞ்சள் துணி, இடது. மஞ்சள் துணி. சுயம்புக்கனி எழுந்தாள், எழுந்தது தெரியாமல் எழுந்தாள், ஆதிரையை அள்ளி இடுப்பில் போட்டாள், பிள்ளை முழித்து "அப்பா டுர்ர்" என்றது, மேட்டில் ஓடினாள். தேரி மணலில் ஓட முடியாது, ஓர் எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் இழுக்கும், செருப்பு எங்கேயோ போய்விட்டது, பின்னால் முத்துப்பேச்சி "என்னட்டி, என்னட்டி" என்று கத்திக்கொண்டு வருகிறாள், இவளிடம் என்ன சொல்ல, நீங்கள் கட்டிய சாமி அவனைக் கூட்டிக்கொண்டு போகிறது என்றா. குளித்தது தப்பு. வெள்ளிக்கிழமை போனது தப்பு. நான் குளித்தது எண்ணெய் தேய்த்ததால் குளித்தேன், வெள்ளிக்கிழமை போனது அன்றைக்குக் கரண்டு இல்லை, மெஷின் ஓடவில்லை, அதனால் போனேன், மஞ்சள் துணி மஞ்சள் ஜாக்கெட் லைனிங்கில் மிஞ்சின துணி, சிவப்பு மணலுக்கு மஞ்சள்தான் எடுத்துக் காட்டும் என்று எடுத்தேன், இதில் சாமி எங்கே வந்தது. எங்கே வந்தது என்று கேட்கிறாயா என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது, நாலு பெண்கள் விறகைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று உன் புருஷன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று மஞ்சள் துணி கிழித்துக் கட்டியிருக்கிறார்களே, அங்கே வந்தது. அவர்கள் வேண்டிக்கொண்டது எதற்கு, அவன் விழாமல் இருக்க. அப்படி இருக்கும்போது அந்தத் துணியே அவனை விழத்தள்ளுமா. தள்ளாது. துணிக்குத் தெரியாது, கட்டினவர்களுக்குத் தெரியும், சாமிக்கு எழுத்து வேண்டாம் என்றாளே, வழிப்படமாவது தெரியுமா. தாயே, எல்லாத் துணியையும் ஒரு நிமிஷம் பச்சையாக்கு, கறுப்பாக்கு, அவன் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கு, அப்புறம் திரும்ப மஞ்சளாக்கிக்கொள். மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டாள். கிழக்கே முழுவதும் சிவப்பு, சிவப்புக்குமேல் உடைமரம், மரத்துக்கு மரம் மஞ்சள். அக்கா சொன்னது பொய்யில்லை. கண் கொள்ளவில்லை. இத்தனை பேரா. எனக்கா. நாங்கள் என்ன செய்தோம் இவர்களுக்கு. பயத்தின் நடுவில் அது ஒரு துளி தேன் மாதிரி நாக்கில் பட்டது, படக் கூடாத நேரத்தில் பட்டது, அவள் தன்னையே ஏசினாள், புருஷன் எங்கே கிடக்கிறானோ, உனக்கு மனசு குளிர்கிறதா. குளிர்ந்தது. என்ன செய்ய. வெயில் கொதித்தது, நெஞ்சில் ஓர் ஓரம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

"அந்தா," என்றது ஆதிரை. பிள்ளை கிழக்கே பார்க்கவில்லை, வடக்கே கையை நீட்டியது. ஒரு தூசி. தூசிக்கு அடியில் ஒரு கொசு, கொசுவுக்கு ஒரு சத்தம், சத்தம் மேட்டில் ஏறி அழுதது, அழுத சத்தம்தான், இரண்டாவது கியர் அழுகை, உலகத்தில் அதைவிட நல்ல அழுகை இல்லை. பொன்லிங்கம் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான், முகம் முழுவதும் சிவப்பு மண், பல் மட்டும் வெள்ளை. "ஏட்டி, நீ துணி கட்டுனியா, துணிக்கட கட்டுனியா? மரத்துக்கு மரம் மஞ்சத்துணி! எடதுன்னு திரும்புதேன், மறுபடி மஞ்சத்துணி, மறுபடி எடது, செக்குமாடு மாதிரி சுத்துதேன்." "ஓட, அத்தான்..." அவள் கிழக்கே கையைக் காட்டினாள். "ஓட வெளிம்புல போயித்தான் நின்னேன். முன்சக்கரம் எட்டிப் பாத்துட்டு வந்துச்சு." இன்ஜினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஒரு சில்லுக்கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டானாம். அப்புறம் துணியைப் பார்க்கிறதையே விட்டானாம். காகிதத்தில் இருக்கிற தூரம், காம்பஸ் காட்டுகிற திசை, அது இரண்டு மட்டும். "ராஜஸ்தான்ல முன்னால போனவன் டயர்த் தடத்த நம்பிப் போயித்தாம்ட்டி தொலஞ்சேன், தோள ஒடச்சேன். இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு. ஆமா, இவ்வளவையும் யாரு கட்டுனா? அவுத்துரட்டுமா?" "கையி அழுவிரும்!" என்று மேட்டின் பாதியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு முத்துப்பேச்சி கத்தினாள். "நேந்து கட்டுன துணி, நீ போயிட்டு நல்லபடியா வாரது வரைக்கும் ஒரு பயலும் தொடக் கூடாது."

கொல்லாமரத்தடியில் அவன் சட்டையை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். முதுகைப் பார்த்தான், கையைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், தோளில் 'உபயம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் பிரிக்காமல் நின்றது, அதுவும் யார் பேரும் இல்லாமல், கல்யாண வீட்டில் தனியாக விட்ட பிள்ளை மாதிரி. அவள் ஒரே மூச்சில் சொன்னாள், மேனேஜர், கண்டிப்பு, சரிங்க சார், "நான்தான், நான்தான் பிரிச்சேன், ஒங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பியன்னுதான் சொல்லல," முத்துப்பேச்சி அக்கா பிரித்தது உட்பட. அவன் கட்டை விரலால் முதுகுப் பக்கத்துத் துளைகளைத் தடவினான். படிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தடவிக்கொண்டே முத்துப்பேச்சியைப் பார்த்தான். "என்னக்கா, இப்பிடி ஆயிட்டு." "என்ன ஆயிட்டு? நீ ஓடையில விழுந்துருந்தா ஆயிருக்கும். போடுலே சட்டைய, இட்லி ஆறுது." அப்போதுதான் தோப்புக்கு அப்பால் காரின் ஹாரன் கேட்டது, ஒரு தடவை, அப்புறம் விடாமல், அதோடு சக்கரம் மணலைக் கிண்டுகிற சத்தம். பெரிய கார் தேரியில் பதிந்துவிட்டது. மணலைப் பற்றி ஒன்றும் தெரியாத டிரைவர் மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போகும். "ஏட்டி, கயிற எடு, மொதலாளிய நாமதான் தூக்கி விடணும் போலுக்கு," என்று பொன்லிங்கம் சிரித்துவிட்டான், சிரித்துக்கொண்டே சட்டையைத் தலைவழியாக மாட்டினான். கயிற்றைத் தோளில் போட்டான், வண்டியை உதைத்தான், ஆதிரை கையைத் தட்டியது. மேட்டில் ஏறியவன் உச்சியில் எழுந்து நின்று ஓட்டினான், சட்டை முதுகில் பலூனாக உப்பியது. கேன்வாஸும் நூலும் அடைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் இப்போது வெறும் துணி, துணி நிறையத் துளை. அவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான், பாதி இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது, மீதி அவளிடம் வந்து சேர்ந்தது.

"ஏட்டி, பேரு இருந்த எடத்துல எல்லாம் காத்து வருதுட்டி!"